டிக்கெட் காசை அனுப்பியிருக்கலாமே

பள்ளியிறுதித் தேர்வை முடித்த 19 வயதுப் பெண் ஒருத்தி ஜெர்மனியிலிருந்து தான்சானியாவுக்கோ பொலிவியாவுக்கோ ஓராண்டு மறைப்பணித் தன்னார்வலராகப் போகிறாள் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் எந்த ஊர்க்காரரானாலும் பதில் ஒன்றுதான்: "டிக்கெட் காசை அனுப்பியிருக்கலாமே, அதில் இரண்டு பிள்ளைகள் படித்திருக்கும்." இடதுசாரி சொல்கிறார், பொருளாதாரம் படித்தவர் சொல்கிறார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவரும் சொல்கிறார். சொல்லி முடித்த கணத்தில் சொன்னவர் விவரமானவராகவும் போகிறவள் அசடாகவும் ஆகிவிடுகிறார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு கேட்பவர்கள் கணக்கிலேயே சறுக்குகிறார்கள்.

ஜெர்மனியில் இந்த ஏற்பாட்டுக்கு 'மிசியோனார் ஆவுஃப் ட்சைட்' என்று பெயர். எஸ்.வி.டி. போன்ற துறவற சபைகள் 1980களிலிருந்து நடத்திவருகின்றன. கூட வாழ்வது, கூட செபிப்பது, கூட உழைப்பது என்ற மூன்றைத் தவிர அதற்குப் பெரிய கொள்கை விளக்கம் கிடையாது. 2008-இல் ஜெர்மன் அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் 'வெல்ட்வேர்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் போகலாம், செலவில் முக்கால் பங்கு வரை அரசு தரும். கத்தோலிக்க அமைப்புகள் பலவும் அதற்குள் வந்தன. போகிறவருக்குத் தங்க இடம், சாப்பாடு, மாதம் ஏறத்தாழ 100 யூரோ கைச்செலவு, சம்பளம் இல்லை. மீதிச் செலவுக்கு அவரையே ஓர் ஆதரவாளர் வட்டம் சேர்க்கச் சொல்வது வழக்கம். அத்தை கொஞ்சம் தருவார், பழைய ஆசிரியர் தருவார், பங்கின் பாடகர் குழு ஒரு மாலைக் கச்சேரி வைத்து உண்டியல் குலுக்கும், தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் மாதம் ஐந்து பத்து யூரோ தருவார்.

இப்போது சொல்லுங்கள், 'அந்தக் காசு' எங்கே இருக்கிறது? இந்தப் பெண் போகாவிட்டால் ரொட்டிக்கடைக்காரர் தாமாக எழுந்து பொலிவியாவுக்குப் பணம் கட்டியிருப்பாரா? அவர் தருவது அவருக்குத் தெரிந்த பிள்ளைக்காக. அரசுப் பணமோ இளைஞர்கள் உலகத்தைக் கற்பதற்கென்று ஒதுக்கிய பணம். இவள் போகாவிட்டால் இன்னொருவர் போவார், அவ்வளவுதான். அந்தத் தொகை எந்த ஊரிலும் கிணறாக மாறப்போவதில்லை. இல்லாத ஒரு மூட்டையைக் காட்டி, இதைப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று அங்கலாய்க்கிறார்கள்.

அனுப்ப வேண்டிய பணத்தை அவர்கள் அனுப்பாமலும் இல்லை. ஜெர்மன் ஆயர்கள் 1958-இல் மிசெரெயோர் அமைப்பைத் தொடங்கினார்கள். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு அங்கே எல்லாக் கோயில்களிலும் அதற்குத்தான் காணிக்கை. லத்தீன் அமெரிக்காவுக்கென்று 1961 முதல் அட்வேனியாட்டின் கிறிஸ்துமஸ் காணிக்கை தனி. நம்மூர் மறைமாவட்டங்களுக்கும் மிசெரெயோர் அந்நியமான பெயரில்லை. பணம் அனுப்புங்கள் என்று ஜெர்மன் கத்தோலிக்கருக்குப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை.

இந்த வாதம் வெறும் டீக்கடைப் பேச்சு என்று நான் ஒதுக்கவில்லை. அதற்குப் பெரிய வம்சம் உண்டு, அதன் மூத்தவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கக் குரு, நம் காலத்தின் கூரிய மூளைகளில் ஒன்று. 1968-இல், கோடை விடுமுறைக்கு மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்படவிருந்த வட அமெரிக்க மாணவர்கள் தங்கள் கூட்டத்துக்கு அவரைப் பேச அழைத்தார்கள். போனார். உங்கள் நல்லெண்ணம் நரகத்துக்குப் போகட்டும் என்கிற பாணியில் வறுத்தெடுத்தார். மொழி தெரியாது, ஊர் தெரியாது, யாரும் உங்களைக் கூப்பிடவில்லை, உங்கள் நடுத்தர வர்க்க வாழ்க்கைமுறையை விளம்பரம் செய்யத்தான் வருகிறீர்கள் என்றார். தன்னார்வப் பயணத்தைக் கேலி செய்ய நினைக்கும் எவரும் அந்த உரையைத்தான் இன்றும் கையில் எடுக்கிறார்கள். வெல்ட்வேர்ட்ஸ் தொடங்கிய 2008-லேயே, இது வறுமையைப் பார்க்கப் போகும் தன்முனைப்புப் பயணம் என்று ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார்கள். அதுவும் அதே குரல்தான்.

ஆனால் இல்லிச்சை எடுப்பவர்கள் பாதியைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1967 ஜனவரியில், இயேசு சபையினரின் 'அமெரிக்கா' இதழில் அவர் எழுதிய கட்டுரையைப் படித்தால் தெரியும். வட அமெரிக்காவிலிருந்து வந்த ஆட்களை எவ்வளவு சாடினாரோ அவ்வளவு அங்கிருந்து வந்த பணத்தையும் சாடினார். வெளிப்பணத்தால் கட்டிய கோயிலும் பள்ளியும் உள்ளூர்த் திருச்சபையை நிரந்தரக் கைநீட்டியாக மாற்றிவிடும், தன் ஏழைகளோடு சேர்ந்து அது தானே யோசிக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடும் என்பது அவர் வழக்கு. அப்படிப்பட்ட மனிதரைச் சாட்சிக்கு இழுத்து, 'ஆளை அனுப்பாதே, காசை அனுப்பு' என்று சொல்ல வைக்கிறார்கள். அவர் இருந்திருந்தால் இந்த அறிவாளிகளுக்கும் ஓர் உரை கிடைத்திருக்கும்.

அது மட்டுமா? மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் 1961 முதல் இல்லிச் என்ன செய்துகொண்டிருந்தார்? பயிற்சி நிலையம் நடத்தினார்! வட அமெரிக்கத் துறவற சபைகள் தங்கள் ஆட்களில் பத்தில் ஒரு பங்கை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று வத்திக்கான் அந்த ஆண்டுதான் கேட்டிருந்தது. அப்படிப் புறப்பட்டவர்களை உட்காரவைத்து நாள் முழுக்க ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து, அவர்கள் மனத்தில் இருந்த மீட்பர் பிம்பத்தை உடைத்து, தாங்காதவர்களைத் திரும்ப வீட்டுக்கே அனுப்பியது அந்த நிலையம். அதாவது, தயாரிப்பு இல்லாமல் போகாதே என்பதற்குத் தன் வாழ்வில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர் அவர். அந்த மாணவர்களிடம் பேசி முடித்தபோதும் வராதே என்று அவர் கதவைச் சாத்தவில்லை. பார்க்க வா, படிக்க வா, உதவுகிறேன் என்று மட்டும் வராதே என்றார்.

நான் சொல்ல வருவதும் அதுதான். அந்த ஓராண்டை உதவி என்று எடைபோட்டால் அது எப்போதும் குறைவாகவே தெரியும். உதவியாக அதை அனுப்பவே கூடாது. போகிறவள் மண்டையிலிருந்து 'உதவி' என்ற நினைப்பைக் கழற்றி வைப்பதற்குத்தான் அந்த நீண்ட தயாரிப்பு.

எப்படித் தயாராகிறார்கள்? விண்ணப்பம் ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே போய்விடுகிறது. வெல்ட்வேர்ட்ஸ் விதிப்படி 25 நாள் கருத்தரங்கு உண்டு. அதைப் புறப்படும் முன், நடுவில், திரும்பிய பின் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை, விரிவான நன்னடத்தைச் சான்று எல்லாம் கடைசியில் ஓடியாடி முடிக்கிற சில்லறை வேலைகள். கஷ்டமான வேலை வேறு. குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதே என்று ஒரு முழு மதியம் பேசுகிறார்கள். ஏன் கூடாது என்று அந்தப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்காகவே அந்த மதியம்.

தான்சானியாவின் தெற்குப் பகுதிக்குப் போகிறவள் என்றால் அவள் மாஜி மாஜிக் கிளர்ச்சியைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். அந்த நிலம் அப்போது ஜெர்மனியின் காலனி. கட்டாயப் பருத்திச் சாகுபடியும் வரியும் தாங்காமல் 1905-இல் மக்கள் எழுந்தார்கள். பெனடிக்டின் ஆயர் கசியான் ஸ்பிஸும் அவரோடு வந்த துறவியரும் அந்த ஆண்டு கொல்லப்பட்டார்கள். பெரமிஹோ மறைப்பணி நிலையம் எரிந்தது. பதிலுக்கு ஜெர்மன் படை வயல்களையும் தானியக் குதிர்களையும் கொளுத்தியது. சண்டையில் செத்தவர்களைவிட அதன்பின் வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் பல மடங்கு. அங்கே போய் இறங்கும் ஜெர்மன் பெண் புதிய ஆள் இல்லை. அவள் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவள் நாட்டுக்காரர்கள் சிலுவையோடும் துப்பாக்கியோடும் வந்து போயிருக்கிறார்கள். இதைத் தெரியாமல் போனால் அவள் சுற்றுலாப் பயணி. தெரிந்துகொண்டு போய், பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமூ' என்று தாழ்ந்து வணங்கி, அவர்கள் 'மரஹபா' என்று பதில் சொல்லும்வரை காத்திருக்கப் பழகினால், பணவிடை எந்தக் காலத்திலும் செய்யாத ஒரு காரியம் அங்கே நடக்கிறது. பணவிடைக்கு வரலாறு தெரியாது. அது யாரிடமும் பணிந்து நிற்காது.

என் பக்கத்து ஆட்களையும் விடுவதாக இல்லை. 'டிக்கெட் காசு' வாதத்துக்கு எதிராகக் கோயில் வளாகத்தில் கேட்கும் பதில் அதைவிட மோசம்: "நல்ல மனசு இருந்தால் போதும், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." இப்படிச் சொல்கிறவர்களுக்கும் கருத்தரங்கு, மொழி வகுப்பு எல்லாம் வீண் சடங்கு. சவேரியார் வகுப்புக்கா போனார் என்பார்கள். போகவில்லைதான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களைத் திரட்டி, பலமுறை உட்கார்ந்து செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து ஒப்பித்தார். அந்தச் சிரமத்தை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் வந்து, தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர் அண்டிரிக் அடிகளார். சவேரியாருக்குக் கெபி கட்டுகிறோம், அண்டிரிக்கை யாருக்குத் தெரியும் என்பது தனிப் புலம்பல். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'அத் ஜென்டஸ்' ஆணை, அனுப்பப்படுகிறவர் அந்த மக்களின் வரலாறும் வழக்கமும் மொழியும் கற்றாக வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்கிறது. நல்ல மனசுக்கு அது விலக்கு எதுவும் தரவில்லை.

நல்ல மனசு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அனாதை இல்லங்களைப் பாருங்கள். வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் வந்து கொஞ்ச வேண்டும், காணிக்கை தர வேண்டும் என்பதற்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளைச் சேர்த்து இல்லம் நடத்தும் வியாபாரம் சில நாடுகளில் வளர்ந்தது. 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் ஆள்கடத்தலின் ஒரு வடிவமாகவே எடுத்துப் பேசினார்கள். வியாபாரம் இல்லாத நேர்மையான இல்லத்திலும் கைக்குழந்தையின் பக்கம் நின்று யோசியுங்கள். ஆண்டுதோறும் ஒரு புதிய அக்கா வருகிறாள், தூக்கி வளர்க்கிறாள், ஒரு நாள் காணாமல் போகிறாள். ஆகவே ஓராண்டு தன்னார்வலரைக் கைக்குழந்தைகளுக்குப் பொறுப்பாக வைக்கவே கூடாது என்பது என் கட்சி. சமையலறை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, பள்ளி அலுவலகம் இருக்கிறது, மாலை விளையாட்டு இருக்கிறது. ஜெர்மனியில் 2010-இல் திருச்சபைப் பள்ளிகளின் பழைய பாலியல் கொடுமைகள் வெளியே வந்த பிறகு, பிள்ளைகளோடு பழகும் எவருக்கும் பாதுகாப்புப் பயிற்சியும் நன்னடத்தைச் சான்றும் வேண்டும் என்ற வழக்கம் இறுகியது. அதைக் கெடுபிடி என்று முனகுகிறவர்களிடம் பிள்ளைகளை விட நான் தயாரில்லை.

கவனித்தால், காசு அனுப்பு என்பவரும் மனசு போதும் என்பவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவருக்கும் அந்தப் பெண் ஒரு நிவாரணப் பொதி. ஒருவர் பொதிக்குள் ஒன்றுமில்லை என்கிறார், மற்றவர் அன்பு இருக்கிறது என்கிறார்.

2020 மார்ச்சில் இந்த நினைப்புக்கு ஒரு சோதனை வந்தது. கொரோனா பரவியதும் ஜெர்மன் அரசு உலகெங்கும் இருந்த வெல்ட்வேர்ட்ஸ் தன்னார்வலர்கள் அத்தனை பேரையும் சில வாரங்களில் திரும்ப அழைத்துக்கொண்டது. அப்போதும் கேலி செய்தவர்கள் உண்டு: போனார்கள், எந்த ஊரிலும் எதுவும் இடிந்து விழவில்லையே, பிறகு எதற்குப் போனார்கள்? அவர்கள் படிக்காமல் விட்ட விதி ஒன்று இருக்கிறது. தன்னார்வலர் எந்த உள்ளூர்க்காரரின் வேலையையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர் இல்லாவிட்டாலும் அந்த இடம் ஓட வேண்டும். இது திட்டத்தின் நிபந்தனை. எதுவும் இடிந்து விழவில்லை என்றால் விதி காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். உள்ளூர் ஆசிரியையின் நாற்காலியில் சம்பளமில்லாத வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்து, அவள் போனதும் வகுப்பு நின்றுபோயிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன்.

மதமாற்றம் என்ற சந்தேகத்தை நீட்டப்போவதில்லை. அரசின் வளர்ச்சிப் பணத்தில் போகிறவர் மதம் பரப்ப முடியாது. அதைவிட வேடிக்கை, ஜெர்மனியில் 2022 ஓராண்டில் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினார்கள். ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அங்கிருந்து கிளம்பி, பூசைக்குக் கோயில் வாசல்வரை ஆட்கள் நிற்கும் ஆப்பிரிக்கப் பங்குக்குப் போகிறவள் யாரை மாற்றப்போகிறாள்? மாறினால் அவள்தான் மாற வேண்டும்.

ஆள் அங்கே இருப்பதால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜீன் டோனவனைச் சொல்ல வேண்டும். பெரிய உதாரணம்தான். ஓராண்டு போய்வரும் பிள்ளைகளை அவரோடு வைத்துப் பேசுவது நியாயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியின் அடிவேர் அங்கே தெரிகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தவர். பொதுநிலையினர். வேலையை விட்டு, மேரிநோல் மறைப்பணிச் சபையில் பயிற்சி பெற்று, 1979-இல் கிளீவ்லாந்து மறைமாவட்டத்தின் குழுவோடு எல் சால்வதோருக்குப் போனார். லா லிபர்தாத் பங்கில் கணக்கு பார்த்தார், அகதிகளை வண்டியில் ஏற்றிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோனார், உணவு சுமந்தார். 1980 டிசம்பர் 2 இரவு விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அவரையும் மூன்று அருள்சகோதரிகளையும் தேசியக் காவல்படையினர் கொன்றார்கள். அவருக்கு வயது 27.

அந்தப் படைக்குப் பின்னால் இருந்த அரசுக்கு இராணுவ உதவி செய்துகொண்டிருந்தது அவர் நாடுதான். அதுவரை பல்லாயிரம் சால்வதோர் விவசாயிகளின் சாவு வாஷிங்டனை அசைக்கவில்லை. இந்த நான்கு பெண்களின் சாவுக்குப் பிறகு உதவியை நிறுத்தினார்கள். சில வாரங்களில் மறுபடி திறந்துவிட்டார்கள் என்பது அந்த அரசியலின் லட்சணம். ஆனால் அதன்பின் பல ஆண்டுகள் அமெரிக்கப் பங்குகளில் எல் சால்வதோர் பேசப்பட்டது, கேள்வி கேட்கப்பட்டது. 1984-இல் ஐந்து காவல்படையினருக்குத் தண்டனை கிடைத்தது. அமெரிக்கர் செத்தால்தான் அமெரிக்கா கேட்கும் என்பது அசிங்கமான உண்மை, மறுக்கவில்லை. ஆனால் காசோலை மட்டும் போயிருந்தால் அந்த அசிங்கம்கூட யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆள் போய் வாழ்ந்தால் அனுப்பிய ஊருக்குக் கண் முளைக்கிறது. திரும்பி வரும் 20 வயதுப் பெண் ஞாயிறு பூசைக்குப் பின் காப்பி குடித்துக்கொண்டே, நாம் வாங்கும் காப்பிக்கொட்டைக்கு விளைவித்தவருக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா என்று ரொட்டிக்கடைக்காரரிடம் தொடங்குவாளே, அந்த எரிச்சலூட்டும் பேச்சுக்குத்தான் அவர் மாதாமாதம் பணம் கட்டினார். எரிச்சல் வந்தால் அவர் பணம் வீண்போகவில்லை.

சண்டை போட வேண்டிய உண்மையான இடம் ஒன்று இருக்கிறது, அங்கே யாரும் போவதில்லை. 2013 முதல் இந்தத் திட்டம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. தெற்கு நாடுகளின் இளைஞர்கள் ஓராண்டு ஜெர்மனிக்கு வந்து முதியோர் இல்லத்திலும் மழலையர் பள்ளியிலும் மாற்றுத்திறனாளிகள் இல்லத்திலும் இருக்கலாம். அவர்களும் தயாராகிறார்கள்: மொழி, குளிர், பேருந்து ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காத ஊர். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தூதரகம் இருக்கிறது. ஓராண்டு முடிந்ததும் கண்டிப்பாகத் திரும்பிப் போய்விடுவேன் என்று அங்கே ஓர் அதிகாரியை நம்பவைக்க வேண்டும். ஜெர்மன் பெண்ணிடம் தான்சானியாக்காரர் யாரும் அப்படிக் குடைவதில்லை. இந்தத் திசையில் வருகிறவர்கள் அந்தத் திசையில் போகிறவர்களைவிட மிகக் குறைவு.

வந்து சேர்ந்த ஒருவன் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுகிறான், ஒரு பாட்டிக்குச் சக்கர நாற்காலி தள்ளுகிறான், அவர் சொல்லும் போர்க்காலக் கதையைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்கிறான். அவனுடைய டிக்கெட் காசை ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கலாமே என்று எந்த அறிவாளியும் கேட்டதில்லை. இந்தப் பையன் ஓராண்டில் ஜெர்மனியை என்ன முன்னேற்றிவிட்டான் என்று யாரும் அளந்ததில்லை. ஜெர்மனியைக் காப்பாற்ற வந்தான் என்று ஒருவரும் நினைக்காததால் அவன் சும்மா வந்து, வாழ்ந்து, வேலை கற்று, போகலாம். தான்சானியாவுக்குப் போகும் பெண்ணுக்கும் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கோபத்தை விசா அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே காலையிலிருந்து ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.